அந்த 'எஸ்'ஸை யார் வைத்தது?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கிற நேரத்தில் வாசியுங்கள். வீட்டில் ஓ.எல் எழுதுகிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் இருத்தி வாசித்துக் காட்டுங்கள்.

போன கிழமை தரம் 10 வகுப்பில் ஒரு மகள் எழுந்து, தான் எழுதிய பந்தியை வாசித்தா. "மை மதர் கோ டு த மார்க்கெட்" என்று ஒரு வசனம். பின்வாங்கிலிருந்து ஒருவன் "கோஸ், கோஸ்" என்று கத்தினான். வகுப்பே சிரித்தது. பிள்ளை அப்படியே உட்கார்ந்துவிட்டா. அதன் பிறகு அந்தப் பாடவேளையில் வாய் திறக்கவில்லை. மறுநாள் பாடசாலைக்கும் வரவில்லை.

அன்று பின்னேரம் உம்மாவைச் சந்திக்கப் போனேன். தேத்தண்ணி தந்துவிட்டுக் கேட்டா: "ஒரு எழுத்துக்குத்தானா டீச்சர் புள்ள இப்படி அழுவுது? யாரு டீச்சர் அந்த எஸ்ஸ வெச்சது?"

"இலக்கணம் ராத்தா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வழியெல்லாம் அது ஒரு பதிலே இல்லை என்று பட்டது. அதனால் சரியான பதிலை இங்கே எழுதுகிறேன். கல்வியியற் கல்லூரியில் படித்த காலத்தில் ஆங்கில மொழி வரலாறு எனக்கு மிகவும் பிடித்த பாடம். அதை வகுப்பில் சொல்ல நேரம் கிடைப்பதே இல்லை.

முதலில் நம்முடைய தமிழிலிருந்து தொடங்குவோம். 'வந்தேன்' என்று மட்டும் சொன்னால் போதும், வந்தது நான் என்று விளங்கும். வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது. வினையின் வாலிலேயே ஆள் ஒட்டிக்கொண்டிருக்கிறார். திணை, பால், எண், இடம் என்று நாங்கள் படித்ததெல்லாம் இந்த வாலைப் பற்றித்தான். பெயருக்கும் வினைக்கும் இடையில் ஒரு கயிறு கட்டியிருக்கிறது. மத்ரஸாவில் அரபு இலக்கணம் ஓதிய பிள்ளைகளுக்கு இன்னொரு விதமான கயிறு தெரியும். அரபியில் வினை முன்னால் வந்து எழுவாய் பின்னால் வந்தால், எழுவாய் பன்மையாக இருந்தாலும் வினை ஒருமையிலேயே நிற்கும். எழுவாய் முன்னால் வந்தால்தான் வினையும் பன்மையாகும். ஒவ்வொரு மொழியும் அந்தக் கயிற்றைத் தன் விருப்பப்படி கட்டுகிறது.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் நிறையக் கயிறுகள் இருந்தன. ஆயிரம் வருடங்களுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் 'நான் பாடுகிறேன்' என்பது 'இக் சிங்கெ'. நீ பாடுகிறாய் என்றால் 'தூ சிங்கெஸ்ட்'. அவன் பாடுகிறான் என்றால் 'ஹே சிங்கெத்'. நாங்கள், நீங்கள், அவர்கள் எல்லோருக்கும் 'சிங்கத்'. பெயர்ச்சொற்களுக்கு ஆண்பால், பெண்பால், அலிப்பால் என்று மூன்று பால்கள் இருந்தன. அதிலும் வேடிக்கை என்னவென்றால், சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால், பெண்ணைக் குறிக்கும் 'வீஃப்' என்ற சொல் அலிப்பால். இன்றைய 'வைஃப்' அதிலிருந்து வந்ததுதான்.

பிறகு இந்த வால்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. 793 இல் வைக்கிங்குகள் இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் லிண்டிஸ்ஃபார்ன் என்ற மடத்தைக் கொள்ளையடித்தார்கள். அடுத்த நூறு வருடத்தில் அவர்களில் பலர் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி, அந்த ஊர்ப் பெண்களைக் கட்டி, பக்கத்து வீட்டுக்காரர்களாக ஆனார்கள். இரண்டு பகுதியாரின் மொழியும் ஓரளவு ஒத்த மொழிகள்தான். சொல்லின் தலை விளங்கும், வால்தான் வேறு. சந்தையில் ஒரு மாட்டை விற்பதற்கு வால் எதற்கு? அப்படிப் பேசிப் பேசி வால் தேய்ந்தது என்பது பல மொழி ஆய்வாளர்களின் விளக்கம். இதோடு சொல்லின் கடைசி அசையை மெதுவாக உச்சரிக்கும் ஆங்கிலேயரின் பழக்கமும் சேர்ந்துகொண்டது.

இப்படி எல்லா வால்களும் விழுந்த பிறகு நிகழ்காலத்தில் தப்பி நின்ற ஒரே ஒரு வால்தான் நம் பிள்ளையை அழவைத்த அந்த 'எஸ்'.

அதுவும் லண்டனில் பிறந்த எழுத்து அல்ல. லண்டன்காரர்கள் 'கோயெத்' என்று 'த்' போட்டுத்தான் பேசினார்கள். 'எஸ்' வடக்கு நாட்டுப்புறத்தின் பேச்சு. பத்தாம் நூற்றாண்டில் அதே லிண்டிஸ்ஃபார்ன் சுவிசேஷப் பிரதியின் வரிகளுக்கிடையே எழுதப்பட்ட ஆங்கிலத்தில் 'எஸ்' ஏற்கனவே தலைகாட்டுகிறது. வடக்கில் அது அவன், அவளுக்கு மட்டுமல்லாமல் பன்மைக்கும் வந்தது. 'பறவைகள் பாடுகின்றன' என்பதற்கு அங்கே 'பேர்ட்ஸ் சிங்ஸ்' என்பார்கள். இன்று நம் வகுப்பில் எழுதினால் சிவப்புப் பேனை விழும்.

வடக்கிலிருந்து பிழைப்புக்காக லண்டனுக்கு வந்தவர்களோடு அந்த 'எஸ்'ஸும் வந்தது. நீண்ட காலம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஷேக்ஸ்பியர் ஓரிடத்தில் 'த்' எழுதுவார், ஓரிடத்தில் 'எஸ்' எழுதுவார். 1611 இல் வெளியான அரசர் ஜேம்ஸின் பைபிள் மொழிபெயர்ப்பு பழைய 'த்'தையே பிடித்துக்கொண்டது. 1643 இல் ரிச்சர்ட் ஹொட்ஜஸ் என்ற பாடசாலை ஆசிரியர் ஒரு விசயத்தைக் கவனித்து எழுதினார்: ஆட்கள் எழுதும்போது 'த்' எழுதுகிறார்கள், வாசிக்கும்போது 'எஸ்' என்று வாசிக்கிறார்கள். நாங்கள் 'உம்மா சொன்னார்' என்று எழுதிவிட்டு வாயால் 'உம்மா சொன்னா' என்று சொல்வதைப் போலத்தான். கடைசியில் வாய் வென்றது, எழுத்து தோற்றது.

ஆகவே ராத்தாவின் கேள்விக்கு முதல் பதில்: அந்த 'எஸ்'ஸை எந்த அரசரும் வைக்கவில்லை, எந்த அறிஞரும் வைக்கவில்லை. நாட்டுப்புறத்தார் கொண்டுவந்தது. அப்போது அதைக் கேட்டும் யாராவது சிரித்திருப்பார்கள்.

பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற இன்னொரு கேள்வி: "ஹீ கோஸ் என்றால், ஏன் ஹீ கேன்ஸ் இல்லை டீச்சர்?" 'கேன்', 'மே', 'ஷெல்' போன்றவை உருவத்தில் மிகப் பழைய இறந்தகால வினைகள். இறந்தகாலத்தில் 'ஹீ'க்கு அந்த வால் எப்போதும் இருந்ததில்லை. இன்றும் 'ஹீ வென்ட்' என்றுதானே சொல்கிறோம், 'எஸ்' போடுவதில்லையே. அந்த வினைகள் நிகழ்காலத்துக்குக் குடிவந்தபோதும் வால் இல்லாமலே வந்துவிட்டன. மனப்பாடம் செய்யச் சொல்வதை விட இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

இனி, எனக்கு மனதில் பட்ட பகுதி. இங்கிலாந்தின் கிழக்கில் நோர்ஃபோக் என்று ஒரு மாவட்டம். அங்கே பழைய ஆட்கள் இன்றும் 'ஷீ கோ', 'ஹீ சே' என்றுதான் பேசுவார்கள். எஸ் இல்லை. வெள்ளைக்காரர்கள்தான், தாய்மொழி ஆங்கிலம்தான். பீட்டர் ட்ரட்கில் என்ற மொழியியலாளர் நோரிச் நகரத்தின் பேச்சை ஆராய்ந்து 1974 இல் ஒரு நூல் எழுதினார். அந்த ஊரில் எஸ் ஏன் இல்லை என்பதற்குப் பின்னர் அவர் தந்த விளக்கத்தைக் கேளுங்கள்.

1565 இல் நோரிச் நகரம் நெசவுத் தொழிலை வளர்ப்பதற்காக ஐரோப்பியக் கரையிலிருந்து முப்பது குடும்பங்களை அழைத்தது. டச்சும் பிரெஞ்சும் பேசியவர்கள். அடுத்த சில வருடங்களில், ஸ்பானிய ஆட்சியின் மதக் கொடுமைக்குத் தப்பி ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். ஒரு கட்டத்தில் நகர மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் அளவுக்கு அவர்களே இருந்தார்கள். ஊரார் அவர்களை 'அந்நியர்கள்' என்றே அழைத்தார்கள். ஆங்கிலத்தைப் புதிதாகப் பழகியவர்களுக்கு, நம் பிள்ளைகளைப் போலவே, அந்த வால் நாவில் நிற்கவில்லை. 'ஷீ கோ' என்றார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் ஊராரின் பழைய 'த்'தும் வடக்கின் புதிய 'எஸ்'ஸும் மோதிக்கொண்டிருந்தன. இரண்டு பேர் சண்டை பிடிக்கும்போது மூன்றாவது ஆள் வென்றதைப் போல, அகதிகளின் வாலில்லாத வினை வென்றது. ஊராரும் அதையே பேசத் தொடங்கினார்கள். இதுதான் ட்ரட்கிலின் விளக்கம்.

இதைப் படித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. என் உம்மாவும் வாப்பாவும் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெறுங்கையோடு புத்தளத்துக்கு வந்தவர்கள். நான் கைக்குழந்தை. ஓலைக் கொட்டிலில் வளர்ந்தேன். எங்கள் பேச்சைக் கேட்டுப் பகிடி பண்ணியவர்களும் இருந்தார்கள், சோறு தந்தவர்களும் இருந்தார்கள். சோறு தந்தவர்களே அதிகம், அல்ஹம்துலில்லாஹ். இன்று எங்கள் பிள்ளைகளும் ஊர்ப் பிள்ளைகளும் பேசுகிற பேச்சில் எது யாருடையது என்று பிரிக்க முடியாது. நோரிச்சில் நடந்ததும் அதுதான்.

அடுத்து பிரதிப்பெயர்களுக்கு வருவோம். பெயரை வினையோடு கட்டுவது ஒரு கயிறு என்றால், பெயரைப் பின்னால் வரும் 'ஹீ', 'ஷீ', 'தே' என்பவற்றோடு கட்டுவது இன்னொரு கயிறு. 'தே' ஆங்கிலச் சொல்லே அல்ல. பழைய ஆங்கிலத்தில் அவன் 'ஹே', அவள் 'ஹேஓ', அவர்கள் 'ஹீஎ'. வால் தேய்ந்தபோது மூன்றும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. யார் வந்தது, அவனா, அவளா, அவர்களா? சங்கடம். அப்போது வைக்கிங்குகளின் மொழியிலிருந்து 'தே'யைக் கடன் வாங்கினார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் 'ஷீ'யும் புதிதாகத் தோன்றியது. 1400 இல் இறந்த கவிஞர் சோசர் 'தே' என்று எழுதினார், ஆனால் 'தெம்' என்று எழுதவில்லை. அதற்குப் பழைய 'ஹெம்'மையே வைத்திருந்தார். ஒரு குடும்பத்துச் சொற்கள்கூட ஒரே நாளில் குடிமாறவில்லை.

'யூ' என்ற சொல்லின் கதை நமக்கு மிக நெருக்கமானது. முன்பு ஒருவருக்கு 'தௌ', பலருக்கு 'யீ', 'யூ'. பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து பிரெஞ்சுப் பழக்கத்தைப் பார்த்து, பெரியவர் ஒருவரையும் 'யூ' என்று பன்மையில் அழைக்கத் தொடங்கினார்கள். நாங்கள் 'நீ' என்னாமல் 'நீங்கள்' என்பதைப் போல. காலப்போக்கில் 'தௌ' என்பது 'டேய்' என்ற அளவுக்கு இறங்கியது. 1603 இல் சேர் வோல்டர் ராலியின் வழக்கில், அரச தரப்பு வழக்கறிஞர் எட்வர்ட் குக் அவரை அவமதிப்பதற்காகவே 'தௌ' என்று அழைத்தார். மறுபக்கத்தில் ஜோர்ஜ் ஃபொக்ஸ் தொடங்கிய குவேக்கர்கள், மனிதர் எல்லோரும் சமம் என்று சொல்லி, நீதிபதியையும் 'தௌ' என்றே அழைத்தார்கள். அதற்காக அடியும் வாங்கினார்கள். ஆனால் சமத்துவம் வேறு வழியால் வந்தது. எல்லோரையும் 'தௌ' என்பதற்குப் பதிலாக எல்லோரையும் 'யூ' என்று அழைக்கப் பழகினார்கள். பன்மைச் சொல் வந்தபோது பன்மை வினையும் கூடவே வந்தது. ஒருவருக்கும் 'யூ ஆர்' என்று நாம் எழுதுவது அதனால்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவரைப் பார்த்து 'யூ வோஸ்' என்று சொல்வது படித்தவர்களிடமும் சாதாரணமாக இருந்தது. 1762 இல் ரொபர்ட் லோத் என்ற பாதிரியார் தன் இலக்கண நூலில் அது பெரும் பிழை என்று எழுதினார். 1795 இல் வந்த லிண்ட்லி மரேயின் இலக்கண நூல் இப்படியான விதிகளையெல்லாம் தொகுத்துப் பாடசாலைகளுக்கு அனுப்பியது. அந்த நூல் முதலில் யோர்க் நகரில் ஒரு பெண்கள் பாடசாலைக்காக எழுதப்பட்டது. பிறகு எண்ணற்ற பதிப்புகள் கண்டது. நமக்கு வந்து சேர்ந்த சிவப்புப் பேனையின் மை அங்கேதான் ஊறியது.

தமிழிலும் இதே கதை நடந்தது. 'அவர்' என்பது பழந்தமிழில் பலரைக் குறித்த சொல். மரியாதைக்காக ஒருவரை அப்படி அழைத்தோம். பிறகு பலருக்கு 'அவர்கள்' என்று இன்னொரு வாலைச் சேர்த்தோம். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் உள்ள உயர்வுச் சொல், இலக்கணத்தின் நேர்வழி அல்ல என்று தொல்காப்பியமே குறித்துவைத்திருக்கிறது. வழக்கை மறைக்கவும் இல்லை, பேசுகிறவரைப் பழிக்கவும் இல்லை.

கடைசியாக, ஒரு பிரதிப்பெயரால் ஆயிரக்கணக்கான பெண்கள் உரிமை இழந்த கதை. 'யாராவது' என்று ஒருவரைச் சொன்னால் பின்னால் என்ன போடுவது, 'ஹிஸ்'ஸா, 'ஹேர்'ரா? பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலேயர் இதற்கு 'தெயார்' என்றார்கள். ஷேக்ஸ்பியரும் ஜேன் ஒஸ்டினும் அப்படி எழுதியவர்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இலக்கணக்காரர்கள் 'ஹீ' என்பதே இருபாலுக்கும் பொது என்றார்கள். அதை மிக ஆரம்பத்தில் எழுதிவைத்தவர்களில் ஒருவர் ஒரு பெண், நியூகாசிலில் பாடசாலை நடத்திய ஆன் ஃபிஷர். 1850 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் அதைச் சட்டமாகவே ஆக்கியது: சட்டங்களில் ஆண்பால் சொல் பெண்ணையும் அடக்கும்.

1867 இல் வாக்குரிமைச் சட்டம் வந்தபோது அதில் 'மேன்' என்று இருந்தது. ஜோன் ஸ்டுவர்ட் மில் அதை 'பேர்சன்' என்று மாற்றக் கேட்டார். 73 பேர் ஆதரவு, 196 பேர் எதிர்ப்பு. தோற்றது. சரி, 1850 சட்டப்படி 'மேன்' என்றால் பெண்ணும்தானே என்று மன்செஸ்டரில் 5,346 பெண்கள் வாக்காளராகப் பதியக் கேட்டார்கள். 1868 இல் நீதிமன்றம் மறுத்துவிட்டது. வரி கட்டும் சட்டத்திலும் தண்டனைச் சட்டத்திலும் 'ஹீ'க்குள் பெண் இருந்தாள். வாக்குச் சீட்டு என்றதும் வெளியே போகச் சொன்னார்கள். அங்கே பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்குரிமை 1928 இல்தான் கிடைத்தது. நமது நாட்டில் 21 வயது வந்த ஆண், பெண் இருவருக்கும் 1931 இலேயே கிடைத்தது.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? 'எஸ்' தேவையில்லை என்று சொல்வதற்கு அல்ல. பிள்ளைகளே, பரீட்சையில் 'மை மதர் கோஸ்' என்றுதான் எழுத வேண்டும். புள்ளி அதற்குத்தான். நானும் அதற்குத்தான் சிவப்பில் வட்டம் போடுவேன். ஒரு நேர்முகப் பரீட்சையில் நான் 'ஹீ டோன்ட்' என்று சொன்னதற்கு எதிரில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த வேலையும் கிடைக்கவில்லை. ஆகவே அந்த எழுத்தின் விலை எனக்குத் தெரியும். சிங்களத்தில் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள், வாள் என்று அர்த்தம். வெட்டுப்பட்டவர்கள் வைத்த பெயர்.

ஆனால் 'எஸ்' விட்டவள் முட்டாள் அல்ல. எஸ் என்பது அறிவின் அளவுகோல் அல்ல, ஓர் ஊரின் பழக்கம். நாங்கள் அந்த ஊருக்குப் போகும்போது அதன் பழக்கத்தை மதித்துக் கற்றுக்கொள்கிறோம், அவ்வளவுதான். நம் பிள்ளைகள் தமிழில் 'மாடுகள் வந்தது' என்று எழுதுகிறார்கள். 'வந்தன' என்று திருத்துகிறோம், யாரும் சிரிப்பதில்லை. ஏனென்றால் அதில் வெட்கம் ஒட்டவில்லை. இந்த 'எஸ்'ஸில் மட்டும் வெட்கத்தை ஒட்டியது நாங்கள்தான்.

திங்கட்கிழமை அந்த மகள் வந்தா. அன்று பாடப் புத்தகத்தைத் திறக்கவில்லை. நோரிச் கதையைச் சொன்னேன். முடிந்ததும் கத்திய மகன்தான் முதலில் கை உயர்த்தினான்: "அப்ப டீச்சர், அந்த ஊர்ப் புள்ள ஓ.எல்லுக்கு இங்கிலீஷ் எழுதினா மார்க்ஸ் குறையுமா?" "குறையும் மகன்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "பாவம் டீச்சர்" என்றான். பிறகு திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்த்தான். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவ தன் கொப்பியை எடுத்து, அதே பந்தியை மறுபடி வாசித்தா. 'கோஸ்' என்ற இடத்தில் கொஞ்சம் அழுத்தியே வாசித்தா. அடுத்த வசனத்தில் இன்னொரு 'எஸ்' விடுபட்டது. யாரும் சிரிக்கவில்லை.

பெற்றோரிடமும் டியூஷன் வகுப்பு நடத்தும் தம்பி தங்கைகளிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வாய் திறந்து முழு வசனமும் சொல்லி முடிக்கட்டும். பிறகு திருத்துங்கள். இடையில் வெட்டினால் அடுத்த வசனம் வராது. வால் இல்லாத வசனத்தைத் திருத்தலாம், வராத வசனத்தை யாராலும் திருத்த முடியாது.

ராத்தா, உங்கள் கேள்விக்குப் பதில் இதுதான். நீங்கள் ஃபேஸ்புக் பார்ப்பதில்லை என்று தெரியும். மகளிடம் வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.